கோழியை எண்ணிய சிறுமி

கார்ட்டூன் படம் என்றால் குழந்தைகள் சோற்றையும் மறந்துவிடுவார்கள். தாய் கூப்பிடுவது காதில் விழாது. படத்தில் வரும் பையன் சிரித்தால் இவர்களும் சிரிப்பார்கள். அவன் குதித்தால் இவர்களும் குதிப்பார்கள்.

ஆகவே, பாடம் சொல்லும் படத்துக்கு ஒரு கெட்டிக்காரக் குழந்தையைப் படைப்பது விளையாட்டு வேலை அல்ல.

அந்தக் குழந்தை எப்படி இருக்கவேண்டும்? மீனாவைப் போல் இருக்கவேண்டும்.

யார் இந்த மீனா?

1990-களில், ஐ.நா. சபையின் குழந்தைகள் அமைப்பான "யுனிசெப்", தெற்காசிய நாடுகளுக்காகச் சில கார்ட்டூன் படங்களை எடுத்தது. அவற்றின் கதாநாயகிதான் மீனா. வயது ஒன்பது. அவளுக்கு உருவம் கொடுத்தவர் ராம் மோகன். 2014-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஓவியர். 2019-ல் காலமானார்.

படம் எடுக்குமுன் கிராமத்து மக்களிடம் ஓவியங்களைக் காட்டினார்கள். என்ன பெயர் வைக்கலாம், என்ன உடை போடலாம் என்று கேட்டார்கள். இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், நேபாளம் ஆகிய எந்த நாட்டில் பார்த்தாலும், "இவள் நம் ஊர்ப் பெண்" என்று சொல்லவேண்டும் அல்லவா?

ஒரு கதையைக் கேளுங்கள். தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான். மீனாவை அப்பா அனுப்பவில்லை. மீனா என்ன செய்தாள்? தன் கிளி மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்பினாள்! கிளி கேட்டு வந்த பாடத்தை அவள் படித்தாள். எண்ணக் கற்றுக்கொண்டாள். வீட்டுக் கோழிகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. திருடன் பிடிபட்டான். அப்பாவின் மனம் மாறியது. மீனா பள்ளிக்குப் போனாள்.

இதில் மந்திரம் உண்டா? மாயம் உண்டா? இல்லை. கோழியை எண்ண எந்தக் குழந்தையாலும் முடியும். படத்தைப் பார்க்கும் சிறுமி, "நானும் செய்வேன்" என்று எழுந்துவிடுவாள். மலையைத் தூக்கும் வீரனைப் பார்த்தால் கைதட்டலாம். அவனைப்போல் செய்ய முடியுமா?

இன்னொன்று. மீனாவுக்கு அறிவு முன்பே இருந்தது. பள்ளிக் கதவுதான் மூடியிருந்தது. அதைத் திறக்கவேண்டியவர் அப்பா. ஆகவே அந்தப் படம் அப்பாவுக்கும் பாடம்!

இனி நம் ஊருக்கு வருவோம். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தை அடுத்தது கூரம். காஞ்சிப் பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைப்பதற்குக் "கோர்வை" என்று பெயர். கரைக்கு நாடா எறியத் தறியின் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். முன்பெல்லாம் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தைதான். எழுத்தை அறியுமுன் இழையை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்! 6 முதல் 14 வயதுவரை கல்வி உரிமை என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-ல்தான்.

கதை சொல்லி அறிவு புகட்டுவது கூரத்துக்குப் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிக்க நிலத்தில் பங்கு ஒதுக்கினான். கூரம் செப்பேடு இதைச் சொல்கிறது. படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டு அறிந்தார்கள். அந்த மண்டபத்தின் வேலையை இன்று டெலிவிஷனும் கைபேசியும் செய்யலாமே!

ஒரு கூரத்துச் சிறுமி கார்ட்டூனில் வரட்டும். அவள் பாவு இழைகளை எண்ணட்டும். அப்பாவின் கூலிக் கணக்கில் விழுந்த பிழையைக் கண்டுபிடிக்கட்டும். சில சமயம் தவறும் செய்யட்டும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அப்போதுதான் அவள் நம் வீட்டுப் பெண்ணாக இருப்பாள்.

பெற்றோர்களே! படம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு மீனா இருக்கலாம். அவள் கேள்வி கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். பதில் சொல்லுங்கள். பள்ளிக்கு அனுப்புங்கள்.

கோழியை எண்ணியவள் நாளை ஊர்க் கணக்கையே பார்ப்பாள்!