படுக்கை ஆசனங்களும் வரியிறுப்பாளர்களும்

விமான சேவை நிறுவனமொன்று நீண்டதூரப் பயணங்களுக்கென்று புதிய விமானமொன்றைத் தனது அணியில் சேர்க்கும்போது பத்திரிகைகளுக்கு அனுப்பிவைக்கின்ற படங்களில் முதலிடம் பெறுவது பெரும்பாலும் பிஸ்னஸ் கிளாஸ் ஆசனமேயாகும். பொத்தானை அழுத்தியதும் படுக்கையாக விரியும் அந்த ஆசனத்தில் பயணியொருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உறங்கும் படம் நிறுவனத்தின் அந்தஸ்தைப் பறைசாற்றுவதாகக் கருதப்படுகிறது. அந்த நிறுவனம் அரசாங்கத்துக்குச் சொந்தமானதாக இருந்துவிட்டால் அது நாட்டின் அந்தஸ்தாகவும் ஆகிவிடுகிறது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கடந்த இரு தசாப்தங்களில் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும்போது, அந்த அந்தஸ்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

பிஸ்னஸ் கிளாஸ் அடிப்படையில் ஒரு வியாபார ஏற்பாடு. 1970களின் பிற்பகுதியில் சலுகைக் கட்டணத்தில் பயணம் செய்யும் உல்லாசப் பயணிகள் பெருகியபோது, முழுக் கட்டணத்தையும் செலுத்திய வர்த்தகப் பயணிகளும் அதே நெரிசலில்தான் அமர வேண்டியிருந்தது. முதலாம் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் இடையில் அவர்களுக்கென்று தனியான பகுதியொன்று அப்போதுதான் பிறந்தது. 2000 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் எயார்வேஸ் அந்த வகுப்பில் முற்றிலும் தட்டையான படுக்கையாக மாறும் ஆசனத்தை அறிமுகப்படுத்திய பின்னர் ஏனைய நிறுவனங்களினால் நீண்டகாலம் ஒதுங்கியிருக்க முடியவில்லை.

ஸ்ரீலங்கன் நிறுவனத்துக்கு அந்தக் காலம் 2014 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் வந்தது. பழைய ஏ340 விமானங்களுக்குப் பதிலாக எயார்பஸ் ஏ330-300 விமானங்கள் வரத் தொடங்கின. 297 ஆசனங்களைக் கொண்ட அந்த விமானத்தின் முன்பகுதியில் வரிசைக்கு நால்வராக 28 பிஸ்னஸ் கிளாஸ் ஆசனங்கள். எந்தப் பயணியும் பக்கத்திலிருப்பவரைத் தாண்டாமலேயே எழுந்து செல்லலாம். பின்பகுதியில் அதே அகலத்துக்குள் வரிசைக்கு எட்டுப் பேர். படுப்பதற்குத் தேவையான நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால், முன்னால் ஒருவர் பெறுகின்ற இடத்தில் பின்னால் இருவருக்கும் கூடுதலானவர்கள் அமரலாம். எனவே அந்த ஆசனத்தின் கட்டணம் சாதாரண வகுப்பின் கட்டணத்தைப் போல பல மடங்காக இருந்தாக வேண்டும்.

இதில் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. லண்டனிலிருந்து கொழும்புக்கு சுமார் 11 மணித்தியாலப் பயணம். வந்திறங்கியதும் அலுவலைக் கவனிக்க வேண்டிய ஒருவர் நிம்மதியான உறக்கத்துக்குப் பணம் கொடுக்க முன்வந்தால் அதை விற்பதுதான் வியாபாரம். அந்த 28 ஆசனங்களும் உரிய விலைக்கு விற்பனையானால் பின்னாலிருப்பவர்களின் கட்டணத்தைக் குறைத்து வைத்திருப்பதற்கும் அது உதவும். ஆனால், உரிய விலைக்கு விற்பனையாக வேண்டும் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது.

கொழும்பு உலகின் நிதித் தலைநகரங்களில் ஒன்றல்ல. மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்கும் கட்டிடவேலைக்கும் செல்பவர்களும், மலிவான பொதிச் சுற்றுலாவில் வருபவர்களும், பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையில் ஊருக்கு வருவதற்காகப் பணம் சேர்க்கும் புலம்பெயர்ந்த குடும்பங்களும் கட்டுநாயக்கவில் இறங்கும் பயணிகளில் முக்கியமானவர்கள். ஐம்பது பவுண் குறைவென்றால் டுபாயிலோ டோஹாவிலோ நான்கு மணித்தியாலங்கள் காத்திருக்கத் தயாரானவர்கள் இவர்கள். இத்தகைய சந்தையில் படுக்கை ஆசனங்களை வாங்கப்போவது யார் என்பதை விமானத்தை வாங்குவதற்கு முன்னரே கணக்கிட்டிருக்க வேண்டும்.

அரசியல் அதிகாரத்தில் உள்ளவர்கள் தேசிய விமான சேவையின் ஆசனங்களை விற்பனைப் பொருட்களாகப் பார்க்கிறார்களா என்பதே சந்தேகத்துக்குரியது. 2007 டிசம்பரில் லண்டனில் இருந்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவும் அவரது பரிவாரமும் நாடு திரும்புவதற்கு ஆசனங்கள் கேட்கப்பட்டன. விமானம் நிறைந்திருந்தது. கட்டணம் செலுத்தியிருந்த பயணிகளை இறக்கிவிட்டு இடம் கொடுப்பதற்கு நிறுவனம் மறுத்தது. அதைத் தொடர்ந்து பிரதம நிறைவேற்று அதிகாரி பீற்றர் ஹில்லின் தொழில் விசா ரத்துச் செய்யப்பட்டது. 1998 ஆம் ஆண்டிலிருந்து முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்றிருந்த எமிரேட்ஸ் நிறுவனம், 2008 மார்ச்சில் முடிவடைந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2010 ஆம் ஆண்டில் தனது பங்குகளையும் அரசாங்கத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. பயணச்சீட்டு வாங்கியவனுக்கே ஆசனம் சொந்தம் என்ற எளிய வியாபார நியதியும் அதனுடன் சேர்ந்தே வெளியேறியது எனலாம்.

அடுத்து வந்தது 2013 ஆம் ஆண்டின் கொள்வனவு. ஆறு ஏ330-300 விமானங்களையும் நான்கு ஏ350-900 விமானங்களையும் வாங்குவதற்கும், மேலும் நான்கு ஏ350 விமானங்களைக் குத்தகைக்குப் பெறுவதற்கும் உடன்பாடு காணப்பட்டது. இந்தப் பேரத்தின் பின்னணி 2020 ஜனவரியில் வெளிவந்தது. பல நாடுகளில் இலஞ்சம் கொடுத்தமை தொடர்பிலான விசாரணைகளை முடிவுக்குக் கொண்டுவருவதற்காக எயார்பஸ் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு 360 கோடி யூரோவைச் செலுத்த இணங்கியது. பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆவணத்தின்படி, ஸ்ரீலங்கனின் கொள்வனவுடன் தொடர்புடைய ஒருவரின் மனைவி இடைத்தரகராக அமர்த்தப்பட்டார். 1 கோடி 68 இலட்சம் டொலர் வரை கொடுப்பதாகக் கூறப்பட்டு, 20 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது. பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் நிறுவனத்துக்கு அந்தத் தரகரின் பெயர் மாத்திரமல்ல, அவர் ஆணா பெண்ணா என்பதும்கூடத் தவறாகவே தெரிவிக்கப்பட்டிருந்தது.

ஏ350 விமானங்களில் ஒன்றுகூட ஸ்ரீலங்கனின் சேவையில் ஈடுபடவில்லை. குத்தகை உடன்பாட்டை 2016 ஆம் ஆண்டில் ரத்துச் செய்வதற்கே பல கோடி டொலரை நட்டஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே வருடத்தின் இறுதியில் பிராங்போர்ட், பாரிஸ் சேவைகளும் நிறுத்தப்பட்டன. ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் பாரிஸுக்கு மீண்டும் விமானம் பறப்பதற்கு ஐந்து வருடங்கள் சென்றன. படுக்கை ஆசனங்கள் தேவைப்படும் நீண்டதூரப் பாதைகள் குறைந்தன. அவற்றைச் சுமந்துவந்த விமானங்களுக்கான கொடுப்பனவுகள் குறையவில்லை.

இந்தச் சுமை எவரின் தோளில் வந்து விழுந்தது? 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. 2024 ஜூனில் முதிர்வடைந்த, அரசாங்க உத்தரவாதத்துடனான ஸ்ரீலங்கனின் 17.5 கோடி டொலர் பிணைமுறியையும் உரிய வேளையில் செலுத்த முடியவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இந்த நிறுவனத்தின் பழைய கடன்களுக்காக 2000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் 8 சதவீதமாக இருந்த பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியிருந்தது. சவர்க்காரம் வாங்கும் தோட்டத் தொழிலாளியும் அந்த வரியைச் செலுத்துகிறார். ஆயுளில் ஒரு தடவையேனும் விமானத்தின் படிகளில் கால்வைக்காத அவரே அந்த 28 படுக்கைகளுக்கும் உண்மையான புரவலர்.

தேசிய விமான சேவை ஒரு நாட்டின் கௌரவச் சின்னம் என்றும் அதை விற்றுவிடக்கூடாது என்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். தனியாருக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினருமே கேட்கத் தவறுகின்ற கேள்வி ஒன்று உண்டு. ஆசனங்களில் எத்தனை உரிய விலைக்கு விற்பனையாகின்றன, எத்தனை இலவசமாகவோ தரமுயர்த்தப்பட்டோ வழங்கப்படுகின்றன, அவை யாருக்கு வழங்கப்படுகின்றன என்பதே அது. இந்த விபரம் நிறுவனத்தின் கணினியில் ஒவ்வொரு பயணத்துக்கும் பதிவாகியிருக்கும். பயணிகளின் பெயர்களை வெளியிடத் தேவையில்லை. எண்ணிக்கைகளையும், அரச பதவி வகிப்போருக்கு வழங்கப்பட்ட சலுகைகளையும் பாராளுமன்றத்தின் கோப் குழுவிடம் ஆண்டுதோறும் சமர்ப்பித்தால் போதுமானது.

ஸ்ரீலங்கனின் விமானிகளினதும் பொறியியலாளர்களினதும் திறமையையோ, பணியாளர்களின் விருந்தோம்பலையோ எவரும் குறைகூறவில்லை. நிறுவனத்தைக் கடனில் ஆழ்த்தியவர்கள் அவர்களும் அல்ல. பழைய விமானங்களுக்குப் பதிலாகப் புதியவை என்றோ ஒருநாள் வந்தே ஆகவேண்டும். அவற்றிலும் படுக்கை ஆசனங்கள் இருக்கத்தான் செய்யும். கொள்வனவு உடன்பாட்டில் கையெழுத்திடுவதற்கு முன்னர் எந்தப் பாதையில், என்ன விலைக்கு, எத்தனை ஆசனங்களை விற்க முடியும் என்ற கணக்கையும், பேரத்தில் ஈடுபட்ட தரகர்கள் இருந்தால் அவர்களின் பெயர்களையும் மக்கள் முன்னால் வைக்க வேண்டும். அந்தத் துணிவு இல்லாத எந்த அரசாங்கத்துக்கும் மக்களின் பணத்தில் இன்னொரு விமானத்தை வாங்கும் உரிமை கிடையாது.