விமானி சொல்லும் சேதி

வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால், நோயாளிக்குப் பாதிப் பிராணன் அப்போதே போய்விடும். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாரோ, மீதிப் பிராணனும் போய்விடும்! ஆகாய விமானப் பிரயாணிகளின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். யந்திரத்தில் ஏதோ கோளாறு. மூடிய கதவுக்கு அப்பால் இருக்கும் விமானியின் குரல் ஒன்றே அவர்களுக்கு ஆதாரம்.

அந்தக் குரல் சற்றுத் தாமதித்து வருவதுண்டு. முதலில் விமானத்தைச் செலுத்து, பிறகு வழியைப் பார், அப்புறம் பேசு என்பது விமானிகளின் பால பாடம். ஆகையால் அவர்களுடைய மௌனத்தை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஆனால் வாய் திறந்த பிறகு என்ன சொல்வது? அதில்தான் இருக்கிறது விஷயம்.

1982-ஆம் வருஷம் ஜூன் 24-ந் தேதி இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜாவாத் தீவில் காலுங்குங் என்னும் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் அது புகுந்துவிட்டது. 37,000 அடி உயரத்தில் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. தலைமை விமானி எரிக் மூடி ஒலிபெருக்கியில் சொன்னதன் சாராம்சம் இது: சிறு தொல்லை ஒன்று ஏற்பட்டிருக்கிறது, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன, அவற்றை மறுபடி ஓட்ட இயன்ற மட்டும் முயல்கிறோம், தங்களுக்கு அதிக மனக்கலக்கம் இராதென நம்புகிறேன்.

நான்கும் நின்றதைச் 'சிறு தொல்லை' என்றவரின் நெஞ்சுரத்தை என்னென்பது! ஆயினும் அவர் கணக்கில் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நேர்ந்தது இன்னது, செய்வது இன்னது என்று இரண்டையும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். விமானம் சறுக்கி இறங்கிச் சாம்பலைக் கடந்ததும், எஞ்சின்களுக்குள் உருகி ஒட்டியிருந்த சாம்பல் குளிர்ந்து உதிர்ந்தது. எஞ்சின்கள் மறுபடி உயிர் பெற்றன. பிரயாணிகள் 248 பேரும் சிப்பந்திகள் 15 பேரும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.

மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் போதுமா? நம்பியதே பிசகாக இருந்துவிட்டால்?

1989-ஆம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி, லண்டனிலிருந்து பெல்பாஸ்டுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானத்தில், இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் அதிர்ந்தது, புகை நாற்றம் வந்தது. விமானிகள் வலது எஞ்சினில் கோளாறு என்று எண்ணி அதை நிறுத்தினார்கள். தற்செயலாக அதிர்வும் குறைந்தது. வலது எஞ்சினை நிறுத்திவிட்டோம் என்று தலைமை விமானி பிரயாணிகளுக்கு மரியாதையாக அறிவித்தார். பிரயாணிகளில் பலர் இடது எஞ்சினில் தீயைக் கண்ணால் கண்டிருந்தார்கள். சிப்பந்திகளில் மூவரும் கண்டார்கள். 'இதென்ன, இடதை வலது என்கிறாரே!' என்று திகைத்தவர்கள் உண்டு. ஆனால் விமானிக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தரை நெருங்கும் சமயத்தில் இடது எஞ்சின் கைவிட்டது. கெக்வொர்த் கிராமத்தருகே நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் மாண்டார்கள். விமானிகளும் சிப்பந்திகளும் ஒன்றுசேர்ந்து பயிற்சி பெற வேண்டுமென்று விசாரணை அதிகாரிகள் பின்னர் சிபாரிசு செய்தார்கள்.

உண்மையைச் சொன்னால் ஜனங்கள் கலவரப்படுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும். விவரமாகச் சொல்லப்பட்ட வார்த்தைக்கு ஒரு பெரிய குணம் உண்டு: அது பிசகாயிருந்தால் கேட்டவர் திருத்தலாம். 'ஏதோ கோளாறு' என்று மழுப்பினால் யார் என்ன திருத்த முடியும்? கெக்வொர்த்தில் விமானி விவரம் சொன்னார். திருத்தும் வார்த்தைதான் திரும்பி வரவில்லை.

ஆகவே, நேயர்களே, ஜன்னலுக்கு வெளியே கண்டதும் ஒலிபெருக்கியில் கேட்டதும் ஒவ்வாதிருந்தால், சங்கோசப்படாமல் பணிப்பெண்ணை அழைத்துச் சொல்லிவிடுங்கள். பிறர் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்பதற்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களே, அது போதாதா?