வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

புதுச்சேரியில் ஒரு குடும்பம் வெளியே சாப்பிட எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை மாலை. புதுச்சேரியில் ஒரு சாதாரண வீடு.

"இன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம். வெளியே போய்ச் சாப்பிடலாம்" என்கிறார் கணவர். மனைவிக்கு மகிழ்ச்சி. குழந்தைகளுக்கோ தலைகால் புரியவில்லை.

"சரிங்க, எங்கே போகிறது?" என்று கேட்கிறார் மனைவி.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம் ஆகிறது!

ஊரில் ஓட்டலுக்குப் பஞ்சம் இல்லை. வீதிக்கு வீதி ஓட்டல் உண்டு. ஆனால் ஒரு கடையில் விலை அதிகம். இன்னொரு கடையில் இடம் இல்லை. மூன்றாவது கடையில் பக்கத்து மேஜையில் மது பாட்டில். கடைசியில் இட்லி மாவை எடுத்து அடுப்பை மூட்டுகிறார் மனைவி.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளின் கதை. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில், அந்த ஊர்க்காரருக்கே சாப்பிட இடம் தேட வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி?

இரண்டு ஊர்

புதுச்சேரி நகரின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அதுதான் எல்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, வெள்ளையர் குடியிருந்தனர். மேற்கே தமிழர் குடியிருந்தனர்.

1954 நவம்பர் 1ந் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ந் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. எல்லை போய்விட்டது. யாரும் எங்கும் போகலாம்.

ஆனால் சாப்பாட்டு விலையில் அந்த எல்லை இன்னும் இருக்கிறது!

கிழக்கே உள்ள பழைய பிரெஞ்சு வீடுகள் பல இன்று விடுதிகளாகவும் ஓட்டல்களாகவும் மாறிவிட்டன. உயர்ந்த சுவர். உள்ளே முற்றம். முற்றத்தில் காகிதப்பூக் கொடி. அங்கே உட்கார்ந்து சாப்பிட விலை அதிகம். மேற்கே நேரு வீதி, காந்தி வீதி, அண்ணா சாலைப் பக்கம் போனால் இட்லியும் உண்டு, பிரியாணியும் உண்டு. விலையும் கைக்கு அடக்கம்.

விலை ஏறியது ஏன்?

சென்னையில் இருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோ மீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் வந்தால் மூன்று மணி நேரம். பெங்களூரில் இருந்தும் ஏராளமானோர் வருகிறார்கள். வெள்ளி இரவு வந்தால் ஞாயிறு இரவு திரும்புவார்கள்.

ஆக, ஒரு வாரத்துக்கு உண்டான வருமானத்தைக் கடைக்காரர் இரண்டரை நாளில் சம்பாதிக்க வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை மேஜைகள் காலி. ஆனால் வாடகை ஏழு நாளைக்கும் உண்டு. சமையல்காரருக்குச் சம்பளம் ஏழு நாளைக்கும் உண்டு. அந்தக் காலி நாட்களின் செலவும் சனிக்கிழமைத் தட்டின் விலையில் ஏறிவிடுகிறது.

வெளியூர்க்காரர் எப்போதோ ஒரு முறை வருகிறார். விலையைப் பார்க்க மாட்டார். உள்ளூர்க்காரர் ஊரிலேயே இருக்கிறார். அவரால் பார்க்காமல் இருக்க முடியுமா?

இன்னொரு காரணம் மது. தமிழ்நாட்டைவிட இங்கே மது விலை குறைவு. மது வரி புதுச்சேரி அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று. பல ஓட்டல்களில் சாப்பாட்டைவிட மதுவில்தான் லாபம். அதனால் "குடும்பத்தோடு போகலாமா?" என்று விசாரித்துவிட்டே பலர் கிளம்புகிறார்கள்.

மில் மூடியது, ஓட்டல் திறந்தது

இதை வெறும் சாப்பாட்டு விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊர்ப் பிழைப்பே இதில் இருக்கிறது.

ஒரு காலத்தில் புதுச்சேரியில் பிழைப்பு என்றால் பஞ்சாலைதான். மக்கள் "ரோடியர் மில்" என்று அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு மில் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சுதேசி மில், பாரதி மில் ஆகியவையும் அதே ஆண்டில் மூடப்பட்டன. சங்கு ஊதியது நின்றது.

மில் வேலை போன பிறகு இளைஞர்களுக்கு என்ன வழி? விடுதி, ஓட்டல், வாடகை வண்டி. அதாவது, சுற்றுலா வருகிறவரை நம்பிய பிழைப்பு. தந்தை தறியில் நின்ற ஊரில் மகன் தட்டு ஏந்தி நிற்கிறான். அவன் பரிமாறும் மேஜையில் அவன் குடும்பத்தால் உட்கார முடியுமா? இதுதான் கேள்வி.

வெளியூர்க்காரரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் மாதம் காட்டியது. கொரோனா ஊரடங்கு வந்தது. கார்கள் நின்றன. கடற்கரைச் சாலை வெறிச்சோடியது.

காபிக் கடையில் ஒரு பாடம்

உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார முடியாதா? முடியும். அதற்கு உதாரணம் நேரு வீதியில் பேர்பெற்ற இந்தியன் காபி ஹவுஸ்.

அதன் கதை சுவையானது. நாட்டின் காபிக் கடைகளை முன்பு காபி போர்டு நடத்தி வந்தது. 1950களில் அது கடைகளை மூடத் தொடங்கியது. தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே.கோபாலன் அவர்களை ஒன்று சேர்த்தார். "கடையை நீங்களே நடத்துங்கள்" என்றார். 1957இல் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பிறகு பல ஊர்களில் பரவியது. அங்கே முதலாளி இல்லை. தொழிலாளியே சொந்தக்காரர். அதனால் விலையும் நியாயம்.

கனடா நாட்டு எழுத்தாளர் யான் மார்டெல் எழுதிய "லைஃப் ஆஃப் பை" நாவலில் இந்தக் காபிக் கடை வருகிறது. அந்த நாவல் 2002இல் புக்கர் பரிசு பெற்றது. 2012இல் திரைப்படமாகவும் வந்தது. உலகப் புகழ் வந்தது பெரிய ஓட்டலுக்கு அல்ல. சாதாரணக் காபிக் கடைக்கு!

வீட்டுக்குள் ஒளிந்த சமையல்

புதுச்சேரிக்கு என்று தனிச் சமையல் ஒன்று உண்டு. காரம் குறைவு. தேங்காய்ப்பால் உண்டு. பிரெஞ்சு முறையில் வேக வைத்த இறைச்சியில் நம் ஊர் மசாலா சேரும். பிரெஞ்சுப் படையிலும் அரசு வேலையிலும் சேர்ந்து வியட்நாம் போனவர்கள், சைகோன் சமையலையும் கொண்டுவந்தார்கள். "ரொட்டிக் கிடங்கு" என்று ஊர்க்காரர் சொல்லும் அடுமனையில் நீள ரொட்டி வெந்தது.

இந்தச் சமையலில் வடவத்துக்குத் தனி இடம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, சீரகம், உளுந்து, மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து வெயிலில் காய வைப்பார்கள். தாளித்தால் தெருவே மணக்கும். இந்த வடவம் கடல் கடந்தும் போய்விட்டது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் "வடுவன்" என்ற பெயரில் பெரிய சமையல்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் புதுச்சேரிக்கு வருகிறவர் என்ன சாப்பிடுகிறார்? பெரும்பாலும் பீட்சா! ஊர்ச் சமையல் சில ஓட்டல்களில்தான் கிடைக்கிறது. மற்றபடி அது வீட்டுப் பாட்டிமார்களின் கைகளில் இருக்கிறது. அவர்கள் காலத்துக்குப் பிறகு? வடவம் பிடிக்கத் தெரிந்த பெண்கள் ஒன்று சேர்ந்து சிறு உணவகம் நடத்தினால், ஊர்ச் சமையலும் பிழைக்கும், குடும்பங்களும் பிழைக்கும்.

பில்லைப் பாருங்கள்!

வெளியே சாப்பிடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

* சாதாரண ஓட்டல்களில் சரக்கு-சேவை வரி 5 சதவீதம்தான். குளிர்சாதனம் இருந்தாலும் இதுதான். அறை வாடகை மிக அதிகமான பெரிய விடுதிகளில் மட்டும் 18 சதவீதம்.

* "சேவைக் கட்டணம்" என்பது வரி அல்ல. அதைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று கூறியது. கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிடுகிறவர் விருப்பம்.

* ஒரு கணக்கு. சாப்பாடு 1,000 ரூபாய். வரியோடு 1,050. இதில் 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்த்தால் 1,100. அதற்கு வரி 55. மொத்தம் 1,155. ஏமாந்தால் நஷ்டம் 105 ரூபாய்!

* புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

தள்ளுவண்டிக்கும் இடம் வேண்டும்

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குடும்பங்கள் காற்று வாங்க நடக்கின்றன. அங்கே குடும்பத்தின் பசியை ஆற்றுவது சுண்டலும் பஜ்ஜியும்தான். இந்த ஓட்டலில் கதவு இல்லை. உள்ளே வரத் தயங்க வேண்டியது இல்லை.

தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும் முன் விரட்டக் கூடாது என்கிறது சட்டம். ஊரை அழகுபடுத்தும்போது இவர்களையும் மறக்கக் கூடாது. தண்ணீர், குப்பைத்தொட்டி, விளக்கு ஆகிய மூன்றும் கிடைத்தால் சுத்தம் தானே வரும்.

என்ன செய்யலாம்?

வெளியூர்க்காரர் வர வேண்டும். அவர் பணமும் வேண்டும். அதோடு உள்ளூர்க்காரரும் உள்ளே வர வேண்டும். வாசலிலேயே விலைப் பலகையைத் தமிழில் வைக்கலாம். காலியாகக் கிடக்கும் திங்கள் முதல் வியாழன் வரை, ஊர்க்காரருக்கு என்று குறைந்த விலைச் சாப்பாடு போடலாம். மேஜை காலியாக இருப்பதைவிட, பாதி லாபத்தில் நிறைவது மேல் அல்லவா?

விருந்தாளி இரண்டு நாளில் போய்விடுவார். மழை பெய்தாலும் புயல் அடித்தாலும் ஊரில் இருப்பவர் ஊர்க்காரர்தான். அடுத்த ஊரடங்கு வந்தால், கடையைக் காப்பாற்றப் போவதும் அவரே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் குழந்தைகள் வாய்க்காலைத் தாண்டிப் போய், வயிறாரச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். அன்றைக்குத்தான் அந்தப் பழைய எல்லை உண்மையிலேயே அழியும்!