பாட்டியின் கண்ணும் பேத்திகளின் கடமையும்

"கண்புரை ஆபரேஷனா? அரை மணி நேர வேலை, லேசரில் எடுத்துவிடுவார்கள்!" மயிலைக் குளக்கரை முதல் பாண்டி பஜார் வரை யாரைக் கேட்டாலும் இவ்வாறே கூறுவர். எங்கள் பாட்டிக்கு ஆபரேஷன் நடக்கும் வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

உண்மையில், வழக்கமான சிகிச்சையில் புரையை உடைப்பது லேசர் அன்று; காதுக்குக் கேளாத ஒலி அலை. பிறகு விழிக்குள் செயற்கை லென்சைப் பொருத்துகின்றனர். 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. போர் விமானத்தின் பிளாஸ்டிக் சில்லு விமானிகளின் கண்ணில் தைத்தும் அதிகம் உறுத்தாதிருந்ததைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றிற்றாம்! லேசர் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. சில மாதமோ வருடமோ கழித்து லென்சின் பின்னுள்ள சவ்வு மங்கினால், அதில் துளையிடச் சில நிமிடங்கள் போதும். புரை மறுபடி வளர்ந்துவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் பாட்டிக்குக் கண் வலித்தது, பார்வையும் மங்கியது. பாட்டியோ வாய் திறக்கவில்லை. "புண் ஆறும்போது வலிக்கத்தானே செய்யும்? உங்கள் அம்மா ஆபீஸுக்கு லீவு போட வேண்டுமே" என்று பிறகு சொன்னார். மாலையில் சொட்டு மருந்து விடும்போது கண் இரத்தமாய்ச் சிவந்திருந்ததை அக்காதான் கண்டாள். அன்றிரவே ஓடினோம். கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டதாம். கண்ணுக்குள்ளேயே ஊசி மருந்து செலுத்தினர். பார்வை தப்பியது, முழுமையாக அல்ல. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்குமோ!

இது அரிதாக வருவதே. ஆயினும் 2008-ல் பெரம்பலூரில் இலவச முகாம் மூலம் ஆபரேஷன் செய்துகொண்ட ஏழை முதியோர் அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வையிழந்தனர். சுத்தம் காப்பது மருத்துவமனையின் பொறுப்பு. அதில் நாம் செய்யக்கூடியது குறைவு. ஆனால் வீடு திரும்பிய பின்? வலி, சிவப்பு, மங்கல், இவற்றில் ஒன்று கண்டாலும் மறு பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்ல வேண்டும். பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பேத்திகள் நாம்தான் தினமும் கேட்க வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே மருந்து விட வேண்டும். (எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் யாரும் கழுவவில்லை. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.)

அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. "புரை முற்றட்டும்" என்று காத்திருப்பது பழங்காலத்துப் பேச்சு. அளவுக்கு மீறி முற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். பணமில்லை என்று தயங்கவும் வேண்டாம். 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. மதுரையில் 1992 முதல் லென்சுகளைக் குறைந்த விலையில் செய்கின்றனர்.

இப்போது பாட்டி அந்தக் கண்ணால் செய்தித்தாளின் தலைப்புகளை வாசிக்கிறார். மற்றொரு கண்ணிலும் புரை இருக்கிறது. அதற்குச் சம்மதிக்க மறுக்கிறார். வரும் கோடை விடுமுறையில் மீண்டும் கேட்பதாக இருக்கிறோம். இம்முறை சொட்டு மருந்து எங்கள் பொறுப்பு என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி