இல்லமும் நாமும்: மணல் தொட்டியை விட்டகன்ற பூனை

பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து, மூன்றாம் மாடியிலோ எட்டாம் மாடியிலோ இரண்டு அறைகளுக்குள் குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்களில், பூனை வளர்ப்போர் தொகை இப்போது குறைவன்று. ஊரில் நாம் பூனை வளர்த்தோம் என்று சொல்வதே பொருந்தாது. அது தானாகவே வளர்ந்தது. பகலில் பரணில் உறங்கிற்று. இரவில் எலி பிடித்தது. கொல்லைப்புறத்து மண்ணிலோ சாம்பல் மேட்டிலோ மலசலம் கழித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தது. அது எங்கே போயிற்று, எப்போது போயிற்று என்று எவரும் கேட்டதில்லை. மாடி வீட்டிலோ மண் என்பதே இல்லை. ஆகவே, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மணலை நிரப்பி மூலையில் வைக்கிறோம். பூனையும் ஓரிரு நாள்களில் அதனைப் பழகிக்கொள்கிறது.

திடீரென்று ஒரு நாள் அந்த ஒழுங்கு குலைகிறது. தொட்டி இருக்க, படுக்கை விரிப்பு நனைகிறது; குழந்தையின் பள்ளிச் சீருடை நனைகிறது; பூசை அலமாரியின் அடியிலும் ஈரம் தென்படுகிறது. வீடெங்கும் நெடி. இல்லத்தார் கூடித் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்: "கொழுப்பு ஏறிவிட்டது, நம்மைப் பழி வாங்குகிறது." பிறகு தண்டனை. முதலில் அடி, அடுத்துப் பால்கனியில் பூட்டிவைத்தல், இறுதியில், கோணிப்பையில் கட்டிக்கொண்டு போய் மீன் சந்தைப் பக்கம் விட்டுவருதல்.

தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும் என்பதே இத்திங்கள் நாம் கூற விழைவது. சினத்தைத் தீர்த்துக்கொள்ளப் படுக்கையை நனைக்கும் சூழ்ச்சி பூனையிடம் இல்லை. தொட்டியை அது விட்டகன்றால் அதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் அதன் உடலில் இருக்கும். அல்லது தொட்டியில் இருக்கும். அல்லது வீட்டின் அமைதிக் குலைவில் இருக்கும். இந்த வரிசையிலேயே தேடுதல் வேண்டும். வரிசை மாறினால் உயிர் போவதும் உண்டு.

முதலில் உடலைப் பார்ப்போம். வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. தண்ணீர் அரிதான நிலத்தில் தோன்றிய இனமாதலால், அது குறைவாகவே குடிக்கும். அதன் சிறுநீரும் மிகச் செறிந்திருக்கும். ஆகவே சிறுநீர்ப்பை அழற்சியும், சிறுநீரில் மணல் போன்ற உப்புப் படிகங்கள் சேர்தலும் பூனைகளிடம் அடிக்கடி காணும் நோய்களாம். நீர் பிரியும்போது எரிச்சல் உண்டானால், "இந்தத் தொட்டியில்தான் வலிக்கிறது" என்று பூனை எண்ணிக்கொள்கிறது. வலியில்லாத இடத்தைத் தேடி மெத்தைக்கும் துணிக்கும் செல்கிறது.

ஆண் பூனைக்கு இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், நீர் முற்றும் நின்றுவிடும். வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்தில் ஏறும். பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுபோகும். ஓரிரு நாள்களுக்குள் உயிர் பிரியும். இதற்குக் கைவைத்தியம் இல்லை. மறுநாள் காலை வரை காத்திருத்தலும் கூடாது.

நாம் அறிந்த ஒரு குடும்பம் மும்பைச் செம்பூரில் வாழ்கிறது. அவ்வீட்டில் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர்களுடைய ஆண் பூனை, தொட்டியை விட்டுத் தொட்டிலின் கீழே குந்தத் தொடங்கிற்று. குழந்தையின்மேல் பொறாமை என்று எல்லாரும் முடிவு கட்டினர். வீட்டுக்காரர் அதனை வெளியே விட்டுவிடவும் ஆயத்தமானார். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த பாட்டி மட்டும் அரை நாள் அதனையே கவனித்துக்கொண்டிருந்தார். "இது கொழுப்பில்லேம்மா, நோவு. பத்து தரம் குந்திருச்சு, பத்துச் சொட்டுகூட வரலே," என்று மருமகளிடம் கூறினார். அன்றிரவே பரேலுக்குக் கொண்டு சென்றனர். மருத்துவர் அடைப்பை நீக்கி, நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார். விடிந்த பிறகு வந்திருந்தால் பயன் இராது என்று அவர் சொன்னாராம். அந்தப் பூனை இன்றும் அவ்வீட்டில் இருக்கிறது.

பாட்டி கண்ட குறிகளை எல்லாரும் நினைவிற் கொள்ளலாம். அடிக்கடி தொட்டிக்குச் சென்று முக்குதல், சொட்டுச் சொட்டாக நீர் விடுதல், நீரில் குருதி கலந்திருத்தல், குந்தும்போது கத்துதல், பின்புறத்தை ஓயாமல் நக்குதல், உணவை வெறுத்தல், வாந்தி எடுத்தல் ஆகியவை அக்குறிகள். மலச்சிக்கல் என்று கருதி விளக்கெண்ணெய் புகட்டுவோர் உளர். அது வீண் தாமதம். மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தலோ நஞ்சு கொடுத்தலேயாகும். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். முதிய பூனையாயின் நீரிழிவும் சிறுநீரக நோயும் நீரை மிகுவிக்கும். மூட்டுவலி கண்ட பூனை உயரமான தொட்டி விளிம்பைத் தாண்ட இயலாமல் வெளியே கழிக்கும். இவற்றையெல்லாம் மருத்துவரே பிரித்தறிய வல்லார். மும்பை அன்பர்களுக்குப் பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை உண்டு. கொல்கத்தா அன்பர்களுக்கு, 1893-ஆம் ஆண்டிற் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிய பெல்காச்சியா உண்டு.

உடலில் குறை இல்லை என்று மருத்துவர் உறுதி கூறிய பின்னரே தொட்டியை ஆராய வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் தொட்டி சிறிது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்தால், தொட்டி அதனைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் இருத்தல் நன்று. கடையில் விற்கும் தட்டைவிட, துணி வைக்கும் அகன்ற பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக்கொள்வது மலிவும் வசதியும் ஆகும். மூடி வேண்டா, மூடிய பெட்டிக்குள் நாற்றம் தங்கும், பூனைக்குத் தப்பும் வழியும் தெரியாது. ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரு பூனைகளுக்கு மூன்று என்பது மருத்துவர்கள் கூறும் கணக்கு. இரண்டறை வீட்டில் இதற்கு இடமேது என்று கேட்பீர்கள். கட்டிலின் அடியும் கதவின் பின்புறமும் இடமே.

மணல் இரண்டு அங்குல ஆழம் இருக்கட்டும். பூனைகள் பெரும்பாலும் விரும்புவது நுண்ணிய, மணமற்ற மணலை. ஈரம் பட்டவுடன் கட்டியாகும் பெந்தோனைட் களிமண் கச்சிலும் பார்மரிலும் வெட்டப்படுவதால், நம் நாட்டிலேயே எளிதிற் கிடைக்கிறது. ஆற்று மணலும் தகும். ஆனால் அது கட்டியாகாதாதலால் அடிக்கடி மாற்ற வேண்டும். மல்லிகை மணமும் எலுமிச்சை மணமும் ஊட்டிய மணல் நம் மூக்குக்கு இதம், பூனைக்கு உபத்திரவம். மலிவு கருதி மணல் வகையை மாற்றுவதாயின், ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வார காலத்தில் மாற்றுக.

நாளுக்கு ஒரு முறையேனும் கட்டிகளை அள்ளுதல் வேண்டும். இரு முறை அள்ளினால் மிக நன்று. வாரம் ஒரு முறை தொட்டியைச் சாதாரணச் சோப்பு நீரால் கழுவுக. இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பினாயில் ஊற்றினால்தான் வீடு தூய்மையாயிற்று என்னும் மனநிறைவு நமக்கெல்லாம் உண்டு. பினாயிலிலும் டெட்டாலிலும் உள்ள பீனால் வகைப் பொருள்களை மனிதரின் கல்லீரல் முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கி உட்கொண்டால் அது நோயுறும். நோயுறாவிடினும், அந்த நெடி வீசும் தொட்டியை அது அணுகாது.

தொட்டி இருக்கும் இடமும் முக்கியம். மும்பையில் சூன் முதல் செப்டம்பர் வரை பால்கனியில் வைத்த மணல் சாரலில் நனைந்து சேறாகும். தில்லியில் சனவரி இரவில் பால்கனிக் கதவு மூடப்படும். பூனை உள்ளே, தொட்டி வெளியே. துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்த தொட்டியில் பூனை குந்தும் வேளை, இயந்திரம் அதிர்ந்து சுழன்றால், அந்த அச்சம் பல நாள் நீங்காது. உணவுக் கிண்ணத்தின் அருகில் வைத்தாலும் அது வெறுக்கும். நாம் உண்ணும் இடத்தில் கழிப்பிடம் வைக்க நாம் இசைவோமா?

மூன்றாவது, வீட்டின் அமைதி. மாற்றல் உத்தரவு வந்து வீடு மாறுகிறோம். கோடை விடுமுறையில் விருந்தினர் பத்துப் பேர் வந்து தங்குகின்றனர். தீபாவளி வெடி மூன்று நாள் ஓய்வதில்லை. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, புது வீட்டின் முதல் வாரம் எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை. பூனைக்குத் தன் மணம் படிந்த மூலைகளே வீடு. அவற்றை ஒரே நாளில் இழக்கிறது. இக்கலக்கமே சிறுநீர்ப்பை அழற்சியைத் தூண்டுவதும் உண்டு. அன்றியும், சன்னலுக்கு வெளியே தெருப் பூனை ஒன்று வந்து உட்காரத் தொடங்கினால், உள்ளிருக்கும் பூனை சுவரிலும் திரைச்சீலையிலும் நீரைப் பீச்சித் தன் எல்லையைக் குறிக்கும். நின்றபடி, வால் நடுங்க, செங்குத்தான இடத்தில் பீச்சினால் அது எல்லைக் குறி. குந்தித் தரையிலோ மெத்தையிலோ கழித்தால் வேறு காரணம். எல்லை குறிக்கும் ஆண் பூனைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது, கருத்தடை அறுவைக்குப் பின் அவ்வழக்கத்தை விட்டுவிடும்.

காரணம் தெரிந்ததும் திருத்துதல் கடினமன்று. சில நாள்கள் பூனையை ஒரு சிறிய அறையில், படுக்கை ஒரு பக்கமும் தொட்டி எதிர்ப்பக்கமும் இருக்க வைத்துப் பழக்குக. பிறகு மெல்ல மெல்ல வீட்டைத் திறந்துவிடுக. அசுத்தமான இடத்தை, நொதிகள் கலந்த துப்புரவு நீர்மம் கொண்டு துடைக்க வேண்டும். சோப்பு நமக்கு நாற்றத்தைப் போக்கும். பூனையின் மூக்குக்குப் போக்காது. அது மீண்டும் அங்கேயே செல்லும். தண்ணீர்க் கிண்ணங்களை இரண்டு மூன்று இடங்களில் வைக்கவும். உலர்ந்த உருண்டை உணவை மட்டும் தின்னும் பூனைக்கு ஈர உணவும் சேர்த்து அளிப்பது நலம். அடியாத மாடு படியாது என்னும் பழமொழி பூனைக்குப் பொருந்தாது. அடித்தாலும், மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தாலும், அது கற்றுக்கொள்வது ஒன்றே: நம் கண்ணில் படாமல் கட்டிலின் அடியில் கழிப்பது.

மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும் பூனையை விரட்டும் வீடுகளும் உண்டு. பூனை மலத்தின் வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பது மெய். ஆயினும், வெளிப்பட்ட மலத்தில் அது தொற்றும் தன்மை பெற ஒன்று முதல் ஐந்து நாள் வரை ஆகும். கருவுற்ற பெண் தொட்டியைத் தொடாமலிருந்து, மற்றொருவர் நாள்தோறும் அள்ளிவிட்டுக் கைகழுவினால், அவ்வழியே வரும் அச்சம் பெரிதும் தீரும். பச்சைக் காய்களை நன்கு கழுவுதலும் இறைச்சியை நன்கு வேக வைத்தலும் அதே அளவு தேவை.

மீன் சந்தையில் விட்டுவிட்டால் அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று கூறுவார்க்கு ஒரு சொல். மாடி வீட்டில் கிண்ணத்து உணவை உண்டு வளர்ந்த பூனை, தெரு நாய்க்கும் வண்டிக்கும் பழகியதன்று. பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நோயுற்றதனாலேயே வெளியேற்றப்பட்ட உயிர், அந்த நோயோடுதான் தெருவில் கிடக்கும்.

அன்பர்கள் இன்றே இரண்டு காரியம் செய்தல் நன்று. தம் இல்லத்துக்கு அருகில் இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்று விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுக. நாளைக் காலை தொட்டியை அள்ளும்போது, எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று ஒரு கணம் நோக்குக. நாள்தோறும் நோக்கி வருபவருக்கு, மாற்றம் நேர்ந்த அன்றே அது புலப்பட்டுவிடும்.