திருவண்ணாமலை ஜில்லாவில் கோயிலும் பள்ளிக்கூடமும்

திருவண்ணாமலை என்ற பேரைச் சொன்னவுடன் நம் ஜனங்களுக்கு ஞாபகத்துக்கு வருவது தீபமும் கிரிவலமும்தான். 2,668 அடி உயர மலையின்மேல் ஒரு வருஷம் 3,500 கிலோ நெய் எரிந்ததென்றும், ஒரு வருஷம் 4,500 கிலோ எரிந்ததென்றும், சுற்றி வரும் வழி 14 கிலோமீட்டர் என்றும் சின்னப் பையன்கூடத் தடங்கலில்லாமல் ஒப்புவிப்பான். ஆனால் தன் கிராமத்து சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் எத்தனை உபாத்தியாயர் இடம் காலியாயிருக்கிறது, விஞ்ஞானப் பரிசோதனை அறையின் பூட்டு வருஷத்துக்கு எத்தனை தடவை திறக்கப்படுகிறது என்று கேட்டால், அந்தப் பையனைப் பெற்றவருக்கே தெரியாது. நெய்க்குக் கணக்கு இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்குக் கணக்கு இல்லை.

தோழர்களே! ஒரு கிராமத்தில் எல்லா ஜாதியாருக்கும் பொதுவான இடம் எது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோயிலா? சுடுகாடா? குடியிருக்கும் தெருவா? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்திருக்கும் தேசத்தில், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து வருஷம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்துச் சத்துணவைச் சாப்பிடுகிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றேயாகும். ஆயிரம் வருஷத்துக் கோயில் செய்யாத காரியத்தை ஓட்டுக் கூரையும் கரும்பலகையும் உள்ள பள்ளிக்கூடம் செய்திருக்கிறது.

இது வெறும் பேச்சல்ல. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். ஆனால் இந்த ஜில்லாவில் தண்டராம்பட்டு தாலூகா தென்முடியனூரில், சுமார் 80 வருஷமாகத் தடுக்கப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. அதுவும் எப்படி? ஜில்லா கலெக்டரும் போலீசாரும் கூட நின்ற பிறகு! ஒரு சட்டம் புத்தகத்திலிருந்து ஊருக்குள் நடந்து வருவதற்கு 76 வருஷமா என்று கேட்கின்றோம்.

அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இதே ஜில்லாவின் செல்லங்குப்பத்திலும், போலீஸ் பந்தோபஸ்தோடு, ஆதிதிராவிடர்கள் முதன்முறையாக மாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அங்கே விவகாரம் முற்றிய விதந்தான் நாம் கவனிக்க வேண்டியது. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, பிழைப்புக்காகச் சென்னைக்குப் போன இரண்டு வாலிபர்கள், ஒருவர் மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்பவர், மற்றவர் ஆதிதிராவிடர், கோயில் நுழைவைப் பற்றி வாதாடி, பிறகு ஊரில் கைகலக்கும்வரை போய்விட்டார்களென்று பத்திரிகைகள் எழுதின.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பள்ளிக்கூடம் அவ்விருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது. ஆனால் ஏன் அப்படி உட்கார வைத்தோம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தது. ஜாதி பொய் என்பதைப் பாடமாக்கவில்லை. பலகை ஒன்றாயிருந்தும் புத்தி இரண்டாயிருந்தால் அந்தப் படிப்பால் பலன் என்ன?

நிற்க, கோயிலின் குணத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரஸ்வதி பூஜை என்று புஸ்தகத்துக்குப் பொட்டு. பரீக்ஷை வந்தால் நுழைவுச் சீட்டைச் சாமி காலடியில் வைத்துப் பூஜை. முழுதும் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாதென்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்லுகிறது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976இல் சேர்த்த 51அ பிரிவு சொல்லுகிறது. சாமி காலடியில் வைத்த சீட்டால் மார்க்கு வருமானால், உபாத்தியாயருக்குச் சம்பளம் எதற்கு?

கிராமந்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2024இல் சென்னை அசோக் நகர் சர்க்கார் பெண்கள் பள்ளியிலேயே ஒரு பிரசங்கியார் மேடையேறி, ஊனமாகப் பிறப்பது பூர்வஜென்ம பாவத்தின் பலன் என்று பேசினார். அங்கேயே எழுந்து அவரை எதிர்த்துக் கேட்டவர் பார்வையில்லாத ஒரு தமிழ் உபாத்தியாயர். கண்ணுள்ளவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, அறிவுக்கண் உள்ளவர் பேசினார்!

இந்தத் தலைவிதிப் பேச்சுக்கும் ஜாதிக்கும் சம்பந்தமில்லையா? ‘பிறப்பால் வந்தது’ என்பதை ஒப்புக்கொண்ட பிள்ளைதான் கையில் ஜாதிக் கலர்க் கயிறு கட்டுகிறான். அதன் முடிவு அரிவாளாகும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் ஆதிதிராவிட மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகளே. அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி, கயிறு கூடாது, நெற்றிக்குறி கூடாது, பள்ளிப் பேர்களில் ஜாதிப் பேர் கூடாது, பிள்ளைகளைப் பேரின் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இவற்றில் எது தேசத் துரோகம், எது பெரும் செலவு?

பக்தி போனால் ஒழுக்கம் கெடும் என்பார்கள் சிலர். தென்முடியனூரில் 80 வருஷம் பக்திக்குக் குறைவிருந்ததா? கதவைச் சாத்தியவர்கள் நாஸ்திகர்களா? சகமனிதனை வாசலில் நிறுத்திவைப்பதுதான் பக்தி கொடுத்த ஒழுக்கமென்றால், அந்த ஒழுக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆகவே, கிராமத்துப் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை. கோயில் கமிட்டிக்குப் போகும் சுறுசுறுப்போடு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். காலி இடம் எத்தனை என்று கேளுங்கள். விஞ்ஞானச் சோதனைகளுக்காக 2022இல் ஆரம்பித்த வானவில் மன்றம் நம் பள்ளியில் நடக்கிறதா என்று கேளுங்கள். கக்கூஸ் கழுவ எந்த ஜாதிப் பிள்ளையையாவது அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ஆண்டு விழா மேடையில் சாமியாருக்குப் பதில் ஒரு வைத்தியரையோ எஞ்சினியரையோ ஏற்றச் சொல்லுங்கள். பெண் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்தாதீர்கள்.

மலைமேல் எரியும் நெருப்பு சில நாளில் அணைந்துபோகும். ஏன், எதற்கு என்று கேட்கக் கற்ற ஒரு பிள்ளை ஊருக்கு உள்ள வரைக்கும் வெளிச்சமாயிருப்பான். எதற்கு நெய் ஊற்றுவதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.