போதை மீட்புச் சிகிச்சை தாய்மொழியில் கிடைக்க வேண்டும்

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வாழும் உழைக்கும் மக்களுள் பெரும்பகுதியினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்கள். சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களின் விவசாயத் தொழிலாளர்கள். 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோட்டின் மேற்கே அமைந்துவிட்ட இம்மக்களின் கூலி, நிலம், கல்வி குறித்துப் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களது குடும்பங்களை அரித்துவரும் மது அடிமைநிலையிலிருந்து மீள விரும்பும் ஒரு தொழிலாளி யாரிடம் செல்வது, எந்த மொழியில் தன் துயரைச் சொல்வது என்ற கேள்வி உரிய கவனம் பெறவில்லை.

இது ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி, ஒன்றிய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 5.7 கோடிப் பேருக்கும் மேல் மதுவால் விளைந்த பாதிப்புக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது; மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே. நகரங்களையும் உள்ளடக்கிய நாடு தழுவிய கணக்கே இதுவென்றால், மலைத்தோட்ட லயன் வீடுகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

போதைச் சரக்குக்கு எல்லை ஒரு தடையாக இருந்ததே இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தின் கள்ளுத் தேவையில் பெரும்பங்கை ஈடுசெய்யும் தென்னந்தோப்புகளோ எல்லையோரச் சித்தூரில் இருக்கின்றன. கேரளம் 1996 ஏப்ரலில் சாராயத்தைத் தடை செய்தது. அட்டப்பாடி மதுவிலக்குப் பகுதியாயிற்று. உடனே ஆனைக்கட்டியில் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த மதுக்கடை அட்டப்பாடிக் கூலியை உறிஞ்சத் தொடங்கியது. தாய்க்குல சங்கத்தின் ஆதிவாசிப் பெண்கள் மாநில எல்லையைக் கடந்து போராடி, 2016-இல் அக்கடையை மூடச் செய்தார்கள். 2020 அக்டோபரில் வாளையாறு அருகே செல்லங்காவு ஆதிவாசிக் குடியிருப்பில் ஐந்து பேர் நச்சு மது அருந்தி மாண்டனர். இரு மாநில அரசுகளும் தத்தம் கழகங்களின் வழியே மது விற்று வருவாய் ஈட்டுகின்றன. குடிப்பவரின் பணம் எந்த மாநிலக் கருவூலத்துக்குச் சென்றாலும், நோயின் சுமை அவரது மனைவி மக்களின் தலையிலேயே விழுகிறது.

மது அடிமைநிலை ஒழுக்கக்கேடு அன்று; உடலையும் மனத்தையும் ஒருசேரப் பற்றும் நோய். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாட்களில் நடுக்கமும் மனக்குழப்பமும் முற்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். 2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது கேரளம் இதைக் கண்கூடாகக் கண்டது. உயிரிழப்புகள் நேர்ந்தன; மருத்துவச் சீட்டின் பேரில் மது வழங்க அரசு ஆணையிட்டது; மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன; ஏப்ரல் 2-இல் உயர்நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்தது. ஆகவே “மனவுறுதி இருந்தால் நாளைக்கே விட்டுவிடலாம்” என்று அறிவுரை கூறுவது அறியாமை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். குடியை நிறுத்துவதே மருத்துவக் கண்காணிப்பில் நடைபெற வேண்டும்.

நச்சை உடலிலிருந்து நீக்க ஒரு வாரமோ பத்து நாட்களோ போதும். மீண்டும் குடிக்காமல் இருப்பதற்கான சிகிச்சை அதன் பின்னரே தொடங்குகிறது; அது பேச்சால் நடைபெறும் சிகிச்சை. எப்போது குடிக்கத் தோன்றுகிறது, எந்த அவமானம் கடைவாசலுக்கு இழுக்கிறது, மனைவியை அடித்த இரவில் நடந்தது என்ன என்பவற்றையெல்லாம் நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம் பேசிச் சமாளிக்கும் தொழிலாளி, இவற்றை அம்மொழியில் சொல்ல இயலாது. மருந்துக்கு மொழி தேவையில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆலோசனைக்கு மொழியே மருந்து. மொழிபெயர்ப்பாளராகத் தன் பள்ளிப் பிள்ளையையே அருகில் வைத்துக்கொண்டு ஒரு தந்தை எதைத்தான் மனம் திறந்து சொல்வார்?

இது சலுகைக்கான கோரிக்கை ஆகாது. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. கட்டுப்படியாகும் செலவில், சென்றடையத்தக்க தொலைவில், பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை அதன் 18-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. சிகிச்சைக்கான ஒப்புதலை, நோயாளிக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் தகவல்களை விளக்கிய பின்னரே பெற வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதி, அதே மொழியில் மறுமொழி பெறலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு மனுவுக்குக் கிடைக்கும் மொழியுரிமை ஒரு நோயாளிக்கு மறுக்கப்படலாகாது.

கேரள அரசு 2016-இல் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கம் பதினான்கு மாவட்டங்களிலும் போதை மீட்பு மையங்களை நிறுவியுள்ளது. 14405 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. இது பாராட்டத்தக்க அடித்தளம். எனினும் மாவட்டத்துக்கு ஒரு மையம் என்பது, மலைப்பாதையில் சென்று திரும்ப ஒரு நாள் கூலியை இழக்கும் வட்டவடைக்காரருக்கோ மறையூர்க்காரருக்கோ போதுமானதன்று. ஒன்றிய அரசின் ‘டெலி-மானஸ்’ சேவை 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தமிழ் உட்பட 20 மொழிகளில் இயங்குகிறது. போதை மீட்புக்கென 14446 என்ற எண் உள்ளது. இவற்றை ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்பும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் தொலைபேசி வழிகாட்டும்; நேரில் அமர்ந்து மாதக்கணக்கில் தொடரும் ஆலோசனைக்கு அது ஈடாகாது. எல்லை கடந்து தேனிக்கோ கோயம்புத்தூருக்கோ சென்றால் மொழிச் சிக்கல் தீரும். தொடர்சிகிச்சையும் மருந்தும் ஆவணங்களும் வேறொரு மாநிலத்தின் பொறுப்பாகிச் சிக்கல் வேறு உருவெடுக்கும்.

இந்த வெற்றிடத்தில்தான் போலிகள் நுழைகின்றன. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்து என்ற விளம்பரங்களை நம்பிப் பெண்கள் கடன்பட்டுப் பணம் கட்டுகிறார்கள். அத்தகைய மருந்தோடு மது சேருமானால் உயிரே போகலாம். மறுவாழ்வு மையம் என்ற பெயரில் மனிதரைச் சங்கிலியால் பிணைக்கும் இடங்களும் நாட்டில் உள்ளன. எவ்வடிவிலும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அறவே தடை செய்கிறது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் இருக்கிறாரா, மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா, குடும்பத்தாரைப் பார்க்க அனுமதிக்கிறார்களா என்று கேட்டறிவது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. போதைப்பொருளுக்கு ஆட்பட்ட இளைஞர்கள் காவல்துறைக்கு அஞ்சி ஒதுங்கிவிடுகின்றனர். சிறிதளவு வைத்திருந்த வழக்கில் சிக்கியவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்க 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆலைத் தொழிலாளரின் குடிப்பழக்கத்தை அவர்களது வாழ்நிலையிலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்பதை எங்கெல்ஸ் 1845-லேயே விளக்கினார். ஓரறை லயன் வீடு, முதுகொடியும் வேலை, மழையும் குளிரும், ஓய்வுநேரத்தைக் கழிக்க வேறு இடமின்மை ஆகியவை இன்றும் மலைத்தோட்டங்களில் தொடர்கின்றன. தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்கும் கடமையை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிகள் மீது சுமத்தியது. ஒன்றிய அரசு அச்சட்டத்தை 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்த போதிலும் அக்கடமை மறையவில்லை. அதில் மனநல மருத்துவமும் அடங்கும் என்பதைத் தொழிற்சங்கங்கள் வலியுறுத்த வேண்டும்.

வழியில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற ஊர்களுக்கே மருத்துவரையும் ஆலோசகரையும் அழைத்துச் சென்று பதினைந்து நாள் முகாம்கள் நடத்தியது. நோயாளி தம் ஊருக்கு அருகிலேயே தங்கினார். குடும்பத்தாருக்கும் ஆலோசனை கிடைத்தது. தொடர்சிகிச்சை ஊர் மக்களின் துணையோடு நடந்தது. ஒரு தொண்டு அமைப்பால் முடிந்தது இரு மாநில அரசுகள் கைகோத்தால் முடியாதா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. இடுக்கி, பாலக்காடு மாவட்ட மையங்களில் தமிழறிந்த ஆலோசகர்களை நிரந்தரப் பணியில் நியமிக்க வேண்டும். மூணாறு, நெடுங்கண்டம், வண்டிப்பெரியாறு, சித்தூர் வட்டாரங்களில் வாரம் ஒருமுறையேனும் மாலையில் ஆலோசனை நேரம் ஒதுக்க வேண்டும். சிகிச்சை நாட்களுக்கு ஊதியத்துடன் விடுப்பும் வேலைப் பாதுகாப்பும் உறுதி செய்யப்பட வேண்டும். எல்லைக்கு இருபுறமும் உள்ள அரசு மருத்துவமனைகள் நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளை ஒன்றுக்கொன்று ஏற்று, தொடர்சிகிச்சை அறுபடாமல் காக்க வேண்டும். மது வருவாயில் ஒரு பங்கை இரு அரசுகளும் இதற்கெனச் சட்டப்படி ஒதுக்க வேண்டும்.

தொழிற்சங்கக் கிளைகள், மாதர், வாலிபர் அமைப்புகள் இக்கோரிக்கைகளை வரும் ஊதியப் பேச்சுவார்த்தைகளிலேயே முன்வைக்க வேண்டும். குடித்துக் கெட்டவன் என்று தோழர் ஒருவரை ஒதுக்கிவைக்காமல், மருத்துவரிடம் அவரோடு துணைக்குச் செல்வதும் இயக்கப் பணியே. ஆனைக்கட்டியில் கடையை மூட வைத்த பெண்கள் போராட்டத்தின் முதற்பாதியை முடித்துக் காட்டிவிட்டார்கள். குடியிலிருந்து மீள விரும்புவோருக்குத் தாய்மொழியில் மருத்துவம் கிடைக்கச் செய்வது எஞ்சிய பாதி.